சீப்பா, சோப்பா, செருப்பா

பை தைத்தது நான்தான். அதனால் வந்த பெருமையும் எனக்குத்தான், கேவலமும் எனக்குத்தான்.

கட்டிலின் இடது பக்கக் கம்பியில் அது தொங்கியது. என் வீட்டுக்காரரின் பழைய காக்கி பேண்ட் இரண்டைப் பிரித்து, உள்ளே உரச்சாக்கு வைத்து, ஓரமெல்லாம் பட்டி போட்டுத் தைத்தேன். ஐஸ்வர்யா, எங்கள் ஒரே பெண், ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். அவள்தான் முதலில் போனில் ஒரு படம் அனுப்பினாள். படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டுகிற பை, ஆறு பாக்கெட். "ஆன்லைன்ல போட்டு வுடறேம்மா. அப்பா கைக்கு எட்டுற மாதிரி எல்லாத்தையும் அதுல வெச்சுருங்க" என்றாள். இருபத்தாறு வருஷமாகப் பாலக்கோட்டில் ரவிக்கை தைத்துச் சாப்பிடுகிறவளிடம் பேசுகிற பேச்சா இது? ஆறு பாக்கெட்டாம். நான் பன்னிரண்டு வைத்தேன்.

கண்ணாடிக்கு ஒன்று, டிவி ரிமோட்டுக்கு ஒன்று, கைத்துண்டுக்கு ஒன்று, தைல பாட்டிலுக்கு ஒன்று, திருநீற்றுப் பொட்டலத்துக்கு ஒன்று. தண்ணீர் பாட்டில் நிற்கிற இடத்துக்கு அடியில் ரெக்ஸின் வைத்துத் தைத்தேன். மேல் ஓரத்தில் ஒரு சைக்கிள் பெல்லைக் கட்டினேன். பார்க்க வந்தவர்கள் ஆளைப் பார்த்து ஒரு நிமிஷம் உச்சுக்கொட்டிவிட்டு, பையைப் பார்த்து ஐந்து நிமிஷம் வாயைப் பிளந்தார்கள். பக்கத்து வீட்டு அன்பரசி போகும்போது வாசலில் நின்று, "எனக்கும் ஒண்ணு தெச்சுக் குடுக்கா" என்றாள். "உம் புருசன் நல்லாத்தானே நடமாடறாரு, எதுக்கு அவசரம்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் நாக்கு அப்படிப்பட்ட நாக்கு.

அதில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் உண்டு. கருநாக்கு என்பார்கள். "இந்த பஸ்ஸு எங்க போய்ச் சேரப் போவுது" என்று நான் சலித்துக்கொண்ட பஸ், தொப்பூர்க் கணவாயில் புகை விட்டுக்கொண்டு நின்றது. "இப்படி வெச்சா எங்கேருந்து காய்க்கும்" என்று நான் சொன்ன கொய்யா இன்றைக்கு வரைக்கும் காய்க்கவில்லை. நல்லது சொன்னால் மட்டும் பலிக்காது, கெட்டது சொன்னால் அப்படியே நடக்கும். என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் அதற்குப் பயப்படாத ஆள். "உன் நாக்கு நெசமாலுமே கருநாக்குன்னா, கட்டிக்கிட்ட ஒரு மாசத்துல நான் போய்ச் சேர்ந்திருக்கணுமே. தெனம் நூறு தடவ சாபம் வுடறியே" என்று சிரிப்பார்.

அவர் பெயர் மாதேஸ்வரன். தோட்டங்களிலிருந்து பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றி வருகிற லோடு வண்டி சொந்தமாக ஓட்டினார். ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து எட்டு வயதில், தாயில்லாப் பிள்ளையாக, இங்கே மாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அப்படிப் பிழைத்தவர். மார்க்கெட்டில் அவரோடு பேசாத மனிதர் கிடையாது. எந்த வீட்டில் கல்யாணம் கூடிற்று, எந்தக் கிணற்றில் தண்ணீர் வற்றிற்று, எல்லாம் அவர் வழியாகத்தான் என் தையல் மெஷினுக்கு வந்து சேரும். அவர் பேச, நான் திட்ட, எங்கள் குடித்தனம் இப்படித்தான் நடந்தது.

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். ஒரு டீச்சரம்மா ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தார்கள். நான் டேப்பைப் பிடித்து, முப்பத்தெட்டு என்றேன். இந்த மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டாமா? "போன தீவாளிக்கு முப்பத்தாறுதானே பாஞ்சாலி?" என்றார். டீச்சரம்மா துணியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்கள். பத்து வருஷத்து வாடிக்கை! நுணலும் தன் வாயால் கெடும். இவர் தன் வாயால் என் பிழைப்பைக் கெடுத்தார்.

"யோவ், அந்த வாய் இருக்குதே வாய், அது அடைச்சுப் போவ!" என்று கத்தினேன்.

அவர் சிரித்துக்கொண்டே மிச்ச முறுக்கை வாயில் போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் ஆகவில்லை. கை கழுவப் போனவர் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்ந்தார். ஓடிப் போய்ப் பிடித்தேன். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சத்தம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பழைய ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது என்றார்கள், மூளையில் அடைப்பு என்றார்கள். அடைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அதற்கு மேல் எதுவும் என் காதில் ஏறவில்லை. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றையும் ஒரே மத்தியானத்தில் நான் வாங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து அவரிடம் நான் வாய் திறக்கவில்லை. சபதம் கிபதம் ஒன்றும் இல்லை, பயம். மிச்சமிருக்கிற இடது கையையும் கண்ணையும் இந்த நாக்கு தின்றுவிட்டால் என்ன செய்வேன்? ஊட்டினேன், துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன், காலுக்கு எண்ணெய் தேய்த்தேன், எல்லாம் உதட்டை இறுக்கிக்கொண்டே. யாராவது வந்தால் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் பேசினேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், என் வாய்க்கு என் பயமே மூடியாகிவிட்டது. வாயில் அடக்கினதை எல்லாம் மெஷினில் மிதித்தேன். அப்படி மிதித்ததில் வந்ததுதான் அந்தப் பை.

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மத்தியானம் கஞ்சி ஊட்டிவிட்டு அவர் வாயைத் துடைத்தேன்.

"செ...ப்பு" என்றார்.

இரண்டு மாதத்தில் வந்த முதல் சத்தம். என் கையிலிருந்த கிண்ணம் தரையில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. என் முகத்தையே பார்த்துக்கொண்டு மறுபடியும், "செ...ப்பு" என்றார். நாக்கு பாதி எழவில்லை, எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. சீப்பு! தலையை வாராமல் தெரு முனைக்குக்கூடப் போகாத மனுஷன், இரண்டு மாதமாக இந்தக் கோலத்தில் கிடக்கிறாரே. ஓடிப் போய்ச் சீப்பை எடுத்து வந்து, தண்ணீர் தொட்டு வாரிவிட்டேன். வாரி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்தார். முடித்ததும், "செப்பு" என்றார்.

சரி, சோப்பு. புதுச் சோப்பைப் பிரித்து மூக்கருகே காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். செருப்பாக இருக்குமோ என்று தோன்றியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடக்க ஆசைப்படுகிறார்! வாசலிலிருந்த செருப்பைக் கழுவித் துடைத்து இடது காலில் மாட்டினேன். காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் அவர் தண்ணீர் குடிக்கிற செம்பு. அதற்கடுத்த நாள் பரணில் ஏறி, ஐஸ்வர்யா சின்ன வயதில் வைத்து விளையாடிய சொப்புச் சாமான்களை இறக்கினேன். மரச் சொப்பு, பச்சையும் சிவப்புமாக. அவர் அதிலிருந்து குட்டி அம்மிக்கல்லை இடது கையால் எடுத்து வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். அதுதான் போலிருக்கிறது என்று நான் கைகூப்பினேன். அதைப் போர்வை மேல் வைத்துவிட்டு, "செப்பு" என்றார்.

போனில் பார்த்துக்கொண்டிருந்த ஐஸ்வர்யா, "அம்மா, செப்பு மோதிரமா இருக்குமோ? கை கால் இழுத்தவங்களுக்குப் போடுவாங்கல்ல" என்றாள். தர்மபுரியில் தேடி வாங்கி வந்து விரலில் போட்டேன். விரலை உதறி உதறி அதைக் கழற்றிவிட்டார்.

இன்றைக்கு வேண்டாமென்றால் நாளைக்கு வேண்டுமோ என்னவோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாக்கெட் தைத்தேன். சீப்புக்கு ஒல்லியாக, செம்புக்குப் பெரிதாக, மோதிரத்துக்குப் பட்டன் வைத்து. பை கீழே இறங்கிக்கொண்டே போய்த் தரையைத் தொட்டது. பதினெட்டு பாக்கெட். "செருப்பையா தலமாட்டுல வெப்பாங்க?" என்று அன்பரசி கேட்டாள். அவளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், "உந் தலமாட்டுலயா வெச்சேன்?" என்று கேட்டு அனுப்பினேன்.

தர்மபுரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள், பெயர் கலைமதி. வாரம் ஒரு நாள் ஆட்டோவில் அவரைக் கொண்டு போவோம். அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அந்த ஒரு வார்த்தைதாங்க அவர் கையில இருக்கிற கயிறு. என்ன கேக்கறாருன்னு கண்டுபுடிச்சுக் குடுத்துருங்க. கேட்டது கெடைச்சா அடுத்த வார்த்தை வரும். கேட்டுக் கேட்டுக் கெடைக்கலேன்னா, சலிச்சுப் போய்க் கேக்கறதையே வுட்டுருவாங்க. வுட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டங்க" என்றாள்.

நான் வாங்கின பேச்சை நான்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்? அன்றிலிருந்து அந்த ஒரு சாமான் எது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

மாசி மாதத்து மத்தியானங்கள் இப்போதும் எனக்கு நிஜமாக நடந்தவை மாதிரித் தெரியவில்லை. சர்க்கரை ஆலை ஓடிக்கொண்டிருந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வீடு முழுக்கப் பாகு வாசம் வந்து நிற்கும். மின்விசிறி மெதுவாகச் சுற்றும். கட்டிலுக்கு இடது பக்கம், பைக்குப் பக்கத்திலேயே பாய் போட்டு நான் சாய்வேன். ஜன்னல் வெளிச்சம் பாக்கெட் பாக்கெட்டாக ஏறிப் போகும், கண்ணாடி மின்னும், செம்பு மின்னும். அவர் மூச்சும் மெஷின் மேல் கிடக்கிற துணியின் அசைவும் ஒன்றாகவே இருக்கும். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது.

அப்படிக் கிடக்கும்போது ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். பையில் நான் தைக்காத ஒரு பாக்கெட் இருக்கும். கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும், பிறகு தோள் வரைக்கும் போகும். உள்ளே குளிர்ந்த காற்று அடிக்கும். அவரைக்கொடிப் பூ வாசம் வரும். தலையையும் உள்ளே விட்டுப் பார்ப்பேன். விடிகாலை ரோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு வண்டி போய்க்கொண்டிருக்கும், எல்லாக் கூடையும் சிவப்பு, ஒரு கூடையில்கூட அழுகல் இருக்காது. வண்டிக்குள்ளிருந்து அவர் பேசுகிற சத்தம் வரும். யாரையோ கிண்டல் செய்து சிரித்துக்கொண்டே பேசுவார். என்ன சொல்கிறார் என்று மட்டும் பிடிபடாது. "ஏங்க, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்று கூப்பிடப் போவேன். கூப்பிட வாய் வராது. கையை வெளியே எடுத்துப் பார்த்தால், பாக்கெட்டின் வாயை இரட்டைத் தையல் போட்டு மூடியிருப்பேன். என் தையல்தான். வேறு யாருடைய தையலாகவும் இருக்க முடியாது.

விழித்துப் பார்த்தால் அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். உதட்டில் அந்தச் சொல் வந்து நிற்கும். நான் எழுந்து எதையாவது எடுத்து நீட்டுவேன். ஊசிப் பெட்டி, உப்பு, சிப்ஸ் பொட்டலம், அவர் அப்பாவின் போட்டோ. ஒருநாள் பித்துப் பிடித்தவள் மாதிரி வாசலில் கிடந்த செங்கல்லைக்கூடக் கொண்டுவந்து காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதி உதடுதான் சிரித்தது.

ஆனால் கேட்பது குறைந்துகொண்டே வந்தது. முதலில் நாளுக்கு முப்பது தடவை கேட்டவர், பத்து தடவை கேட்டார். பிறகு கஞ்சிக்கு அப்புறம் ஒரு தடவை. பங்குனி பிறந்து இரண்டாவது வாரம், ஒரு நாள் முழுக்கக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. கஞ்சியை வாயில் வைத்தால் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை, அப்படியே வைத்திருந்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பதினெட்டு பாக்கெட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் தொங்கின. கயிறு கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்தது.

அந்த இரண்டாம் நாள் மத்தியானம் குள்ளம்மாள் வந்தாள். பக்கத்துக் கிராமத்துத் தெலுங்குக்காரக் குடும்பம், நாலு ஏக்கரில் தக்காளி போடுகிறவள், தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கிப் போக வந்திருந்தாள். கொக்கி வைக்க இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்று சைகை காட்டி, ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். அவள் போன் அடித்தது. பெங்களூரில் இருக்கிற மகள்.

"ஆ, செப்பு" என்றாள் குள்ளம்மாள், ரவிக்கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே. "செப்பம்மா... ஆ... செப்பு, செப்பு."

கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு நாளாகச் சுவரைப் பார்த்துக் கிடந்தவர், இடது கையால் கம்பியைப் பிடித்து, ஒற்றைப் பக்கத்து உடம்பை இழுத்து இழுத்து இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். முகம் வேர்த்து வழிந்தது. அவர் குள்ளம்மாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"செப்பு" என்றார்.

குள்ளம்மாள் போனை வைத்துவிட்டு, "என்னக்கா, அண்ணன் தெலுங்குல பேசறாரு? சொல்லு சொல்லுன்றாரே, என்னாத்தச் சொல்லச் சொல்றாரு?" என்று கேட்டாள்.

என் கையில் கொக்கி இருந்தது, ஊசி இருந்தது, இரண்டும் எங்கே விழுந்தன என்று தெரியாது. செப்பு என்றால் சொல்லு என்பது டிவி பார்க்கிற குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டில் பேசுகிற பேச்சுதானே? ஆனால் இருபத்தேழு வருஷத்தில் இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு தெலுங்குச் சொல் வந்து நான் கேட்டதில்லை. ராயக்கோட்டைப் பக்கம் அவர் பிறந்த வீட்டில் தெலுங்குதான். அவர் அம்மா செத்த அன்றோடு அதுவும் போயிற்று, மாமன் வீட்டில் எல்லாம் தமிழ். "அதெல்லாம் மறந்து போச்சு" என்று அவரே ஒருதரம் சொல்லியிருக்கிறார். அந்தக் கலைமதி முதல் நாளே, "வூட்ல என்ன மொழிங்க பேசுவீங்க?" என்று கேட்டாள். "இது என்ன கேள்வி, தமிழ்தான்" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வந்தவள் நான். அங்கேயே கோட்டை விட்டேன். அதன் பிறகு அந்தச் சொல்லையே செப்பு மோதிரமாகச் செய்து விரலில் மாட்டினேன்.

எட்டு வயதுப் பிள்ளை தன் அம்மாவிடம் பேசின பேச்சில், அவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது இவ்வளவுதான். பேசு. ஏதாவது சொல்லு. ஏன் வாயை மூடிக்கொண்டாய்?

குள்ளம்மாள் நல்லவள். என் முகத்தைப் பார்த்தாள், "கொக்கி நாளைக்கு வெய்யிக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தேன். நாலு மாதமாக அவரிடம் பேசாத வாய், எப்படித் திறப்பதென்றே மறந்திருந்தது.

"ஏங்க" என்றேன்.

அவர் கண் ஓரத்தில் தண்ணீர் நிறைந்தது. "செப்பு" என்றார்.

"என்னாத்தச் சொல்ல? நாந்தாங்க. நாந்தான் உங்க வாய அடைச்சேன். அடைச்சுப் போவன்னு சொன்னேன், ஒரு மணி நேரத்துல அடைச்சுப் போச்சு. அந்த டீச்சரம்மாவுக்காக நான் உங்கள இப்பிடி ஆக்கிட்டேன். பேசினா இன்னும் என்னா ஆவுமோன்னுதாங்க பேசல. கோவத்துல இல்லீங்க. உங்க மேல ஆணையா கோவத்துல இல்ல."

சொல்லி முடித்துவிட்டேன். இடி விழும் என்று காத்திருந்தேன். மின்விசிறி சுற்றியது. பாகு வாசம் வந்து அறையில் நின்றது. அவர் இடது கை பையைத் தாண்டி வந்து என் முழங்காலைத் தொட்டது.

"செப்பு" என்றார்.

"சொல்லிட்டேனே. இன்னும் என்னாத்த?"

"செப்பு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவருக்குக் கணக்கு வழக்கு எதுவும் வேண்டாம், என் குரல்தான் வேண்டும் என்று. பேச ஆரம்பித்தேன். அந்த டீச்சரம்மா போன மாதம் இரண்டு ரவிக்கைத் துணியோடு திரும்பி வந்ததைச் சொன்னேன், இப்போது நாற்பது என்றும் சொன்னேன். பாதி உதடு சிரித்தது. அன்பரசியும் அவள் மாமியாரும் தண்ணீர்க் குடத்துக்குச் சண்டை போட்டதை இருவர் குரலிலும் பேசிக் காட்டினேன். தக்காளி விலை விழுந்து ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போனதை, ஐஸ்வர்யா மூன்று கிலோ இளைத்ததை, தெரு நாய் நாலு குட்டி போட்டதைச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சம் சிவந்து, கட்டிலில் ஏறி, அவர் கழுத்து வரைக்கும் வந்தது. நான் பேசுவது எனக்கே தூரத்திலிருந்து கேட்டது. கனவில் வண்டிக்குள்ளிருந்து கேட்ட சத்தம் மாதிரி அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வாயும் பழைய ஓட்டத்துக்கு வந்துவிட்டது. ஓட்டத்துக்கு வந்தால் அதற்கு நிற்கிற இடம் தெரியாது.

"வண்டியத் தார்ப்பாய் போட்டு மூடித்தான் வெச்சிருக்கேன். போன வாரம் கூட்டிப் பெருக்கலாம்னு கதவத் தொறந்தேன்" என்று ஆரம்பித்தவள், சட்டென்று நிறுத்தினேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஐஸ்வர்யாவிடம்கூடச் சொல்லவில்லை. 

"செப்பு" என்றார்.

"சொல்லவா? சீட்டுக்கடியில என்னா இருந்துச்சு, சொல்லவா? மாத்திர. ரத்தக் கொதிப்பு மாத்திர. எட்டு மாசத்து அட்ட, ஒண்ணுகூடப் பிரிக்கல! டிபன் சாப்புட்டுட்டு வண்டியிலயே போட்டுக்கறேன்னு மாசா மாசம் எங்கிட்ட அட்டயோட வாங்கிட்டுப் போனியேய்யா. போட்டியான்னு கேட்டா, போட்டேன் போட்டேன்னு எந் தலயில அடிச்சுச் சத்தியம் பண்ணியே. நான் அத நம்பி, ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட, தெனம் தவறாமப் போடுவாருங்கன்னு சொன்னேனே!"

அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முந்தி வந்தது என்று தெரியவில்லை. அந்த அட்டைகளைக் கண்டெடுத்த அன்றைக்கும் நான் என் நாக்கைத்தான் திட்டினேன். நல்ல வாக்கு சொல்லியிருந்தால் மாத்திரை இல்லாமலே தப்பியிருப்பாரே என்றுதான் நினைத்தேன். இப்போது வாய்விட்டுச் சொல்லும்போதுதான் என் காதே அதைக் கேட்டது.

"நாலு மாசமா நான் எந் நாக்கக் கடிச்சுக்கிட்டு செத்துக்கிட்டிருக்கேன். யோவ், இப்பச் சொல்லு. உன் வாய அடைச்சது யாரு? நானா? நீயா?"

கேட்டபிறகு பயந்துபோனேன். ஊமையாய்க் கிடக்கிற மனிதரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? அவர் உதடு அசைந்தது. பழைய சொல்லுக்குப் போகவில்லை. நாக்கு மேலே எழும்பிப் பல்லைத் தேடியது. கழுத்து நரம்பு புடைத்தது. என் முழங்கால் மேலிருந்த கையை எடுத்து, மெதுவாகத் தூக்கி, தன் நெஞ்சில் வைத்தார்.

"நே...னு" என்றார்.

அது அவர் அம்மாவின் பேச்சு, நான் என்று அர்த்தம். அதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நான் அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். நாலு மாதம் அடக்கினது மொத்தமும் வந்தது. அவர் கை என் தலையில் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து மூக்கைச் சிந்தினேன். "நீதான்னு இப்ப வந்து ஒத்துக்கிறியா? நல்லாருக்குதுய்யா உன் நாயம்" என்றேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன்.